ரொக்கம் அங்கே, கடன் இங்கே!

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – கணிதம்)

பண்டைத் தமிழகத்தில் பகலில் கூடிய கடைத்தெருவை நாளங்காடி என்றும், இரவில் கூடியதை அல்லங்காடி என்றும் அழைத்தனர். மதுரைக் காஞ்சி மதுரை மாநகரின் அங்காடிகளைக் கண்முன் நிறுத்துகிறது. பட்டினப்பாலையோ, காவிரிப்பூம்பட்டினத்து வணிகர்கள் கொள்வதிலும் கொடுப்பதிலும் நடுவுநிலை தவறாதவர்கள் என்று போற்றுகிறது. அக்காலத்து வணிகர்களுக்குக் கிடைத்த பெரும் புகழ் அது.

வணிகனுக்கு அறம் சொன்ன நூல்கள் இவ்வாறு நம்மிடம் பல உண்டு. விற்பவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று அன்று முதல் இன்று வரை எல்லாரும் சொல்லி வருகின்றனர். வாங்குபவன் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்று கேட்டவர்களோ மிகக் குறைவு. பணத்தைக் கொடுத்துவிட்டால் நம் கடமை முடிந்தது என்று எண்ணுகிறோம். அந்தப் பணத்தை யாரிடம் கொடுக்கிறோம், எப்போது கொடுக்கிறோம், எந்த முகத்தோடு கொடுக்கிறோம் என்பதிலும் ஓர் அறம் இருக்கிறது என்பதே என் கருத்து.

எண்ணிக்கை சொல்லும் உண்மை

'சிறு தொழில் நாட்டின் முதுகெலும்பு' என்று மேடைதோறும் முழங்கக் கேட்டிருக்கிறோம். கேட்டுக் கேட்டுப் பழகிவிட்டதால் அதன் பொருள் இப்போது நம் மனத்தில் தைப்பதில்லை. ஆகவே எண்ணிக்கையைப் பார்ப்போம். 2013, 2014 ஆகிய ஆண்டுகளில் நடைபெற்ற ஆறாவது பொருளாதாரக் கணக்கெடுப்பின்படி, பயிர்த்தொழிலும் அரசு நிர்வாகமும் நீங்கலாக, இந்தியாவில் இயங்கிய தொழில், வணிக நிலையங்கள் ஏறத்தாழ 5 கோடியே 85 லட்சம். அவற்றில் வேலை பார்த்தவர்கள் ஏறத்தாழ 13 கோடியே 13 லட்சம் பேர். வகுத்துப் பாருங்கள். ஒரு நிலையத்துக்கு 2.24 பேர்தாம் வருகிறார்கள்! பெரிய ஆலைகளையும் வங்கிகளையும் சேர்த்து எடுத்த சராசரியே இதுதான். அப்படியானால் இந்த நாட்டின் வணிகம் என்பது யார்? ஒரு கணவன், ஒரு மனைவி, பள்ளி விட்டு வந்ததும் கல்லாப்பெட்டியருகே உட்காரும் ஒரு பிள்ளை. அவ்வளவே.

இந்த இரண்டரை ஆள் வணிகத்தை நாம் எப்படி நடத்துகிறோம்?

மாதம் பிறந்து சம்பளம் கைக்கு வந்ததும், குடும்பத்தோடு நகரத்துப் பெரிய கடைக்குச் செல்கிறோம். கூடை நிறையப் பொருள்களை எடுத்துக்கொண்டு வரிசையில் நிற்கிறோம். இயந்திரம் காட்டும் தொகையை ஒரு காசு குறையாமல் செலுத்துகிறோம். 'கொஞ்சம் குறைத்துக்கொள்ளுங்கள்' என்று கேட்க அங்கே நமக்கு நா எழுவதில்லை. 'அடுத்த மாதம் தருகிறேன்' என்று சொல்லத் துணிவும் வருவதில்லை.

இருபதாம் தேதி தாண்டிக் கை வறண்டதும் தெருமுனை அண்ணாச்சி கடை நினைவுக்கு வருகிறது. 'அண்ணாச்சி, கால் கிலோ துவரம் பருப்பு, நூறு கிராம் கடுகு. நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள்' என்கிறோம். அவரும் முகம் சுளிக்காமல் எழுதிக்கொள்கிறார். ரொக்கம் அங்கே, கடன் இங்கே! மொத்தம் அங்கே, சில்லறை இங்கே! அங்கே வாய்மூடி நிற்கும் நாம், இங்கே இரண்டு ரூபாய்க்கு வழக்காடுகிறோம். மறுமாதம் முதல் தேதி வந்ததும் மறுபடியும் கூடையைத் தூக்கிக்கொண்டு அங்கேயே போகிறோம். இது நியாயந்தானா?

பத்திரமாக இருந்த பணம்

என் தந்தையார் தையற்காரர். கடைவீதியில் பத்தடிக்கு எட்டடி இடத்தில், காலால் மிதிக்கும் ஒரே ஓர் இயந்திரத்தை வைத்துக்கொண்டு தொழில் செய்கிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் பிள்ளை நான். தீபாவளிக்கு முந்திய ஒரு வாரம் எங்கள் வீட்டில் யாருக்கும் உறக்கம் இராது. அப்பா தைப்பார், அம்மா பொத்தான் கட்டுவார், காஜா எடுப்பது என் வேலை. நூல், பொத்தான், ஜிப்பு, காலருக்கு வைக்கும் கான்வாஸ் துணி எல்லாவற்றையும் ரொக்கம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும். தைத்த சட்டை பண்டிகையன்று விடியற்காலையிலேயே போய்விடும். கூலி மட்டும் பொங்கலுக்கு வரும். சிலருடையது சித்திரைக்கு வரும். 'நான் எங்கே ஓடிவிடப் போகிறேன்?' என்பது அவர்கள் சொல்லும் சமாதானம்.

இப்போது இன்னொரு வழக்கமும் வந்திருக்கிறது. ஆயத்த ஆடையை நகரத்தில் ரொக்கம் கொடுத்து வாங்கி வருகிறார்கள். கால்சட்டையின் நீளத்தைக் குறைக்க மட்டும் அப்பாவிடம் வருகிறார்கள். பழைய தையலைப் பிரித்து, ஆளை நிறுத்தி அளந்து, வெட்டி, மடித்து, மீண்டும் தைத்து, தேய்த்துக் கொடுத்தால், 'ஒரு தையல்தானே, இதற்கும் காசா?' என்று கேட்கிறார்கள்.

சென்ற ஆண்டு பருவத் தேர்வுக் கட்டணம் கட்ட வேண்டிய நாள் வந்தபோது எங்கள் வீட்டில் பணம் இல்லை. இல்லை என்று சொல்வதும் தவறு. இருந்தது. அப்பாவின் கடன் நோட்டில், பதினோரு பேருடைய பெயர்களுக்கு எதிரே, அது பத்திரமாக இருந்தது! அந்தப் பதினோரு பேரில் ஒருவரும் கெட்டவர் அல்லர். ஏமாற்ற நினைத்தவரும் அல்லர். நல்லவர்கள்; மறந்து போனவர்கள். அப்பா வட்டிக்கு வாங்கிக் கட்டணத்தைக் கட்டினார். அந்த வட்டியைச் செலுத்தியவர் யார்? கூலியைப் பாக்கி வைத்தவர்களா? இல்லை. இரவெல்லாம் கண்விழித்துத் தைத்துக் கொடுத்தவரேதான்.

இதை யாருடைய இரக்கத்தையும் வேண்டி நான் எழுதவில்லை. இந்த மலரைப் படிக்கும் மாணவ மாணவியருள் பலருடைய வீட்டிலும் இப்படி ஒரு நோட்டு இருக்கும் என்பதால் எழுதுகிறேன். இட்லிக் கடை, பூக்கடை, மிதிவண்டிப் பழுதுபார்க்கும் கடை, சலவைக் கடை என்று கடையின் பெயர்தான் மாறும். நோட்டு மாறாது.

ஒரு சிறு கணக்கு

கணிதம் படிப்பவன் என்பதால் ஒரு கணக்குப் போட்டுக் காட்ட விரும்புகிறேன். எளிமைக்காகச் சில எண்களை நாமே வைத்துக்கொள்வோம். ஒரு மளிகைக் கடைக்காரரின் முதல் 50,000 ரூபாய். போட்ட முதலில் நூற்றுக்கு எட்டு ரூபாய் அவருக்கு ஆதாயம். எல்லாரும் ரொக்கம் கொடுத்தால், வாரம் ஒருமுறை சரக்கு விற்று, பணம் திரும்பி, மீண்டும் சரக்காகும். மாதத்தில் நான்கு சுற்று. ஒரு சுற்றுக்கு 4,000 வீதம் மாத ஆதாயம் 16,000 ரூபாய்.

இப்போது அவருடைய முதலில் பாதி, அதாவது 25,000 ரூபாய், கடன் நோட்டில் மாதம் முழுவதும் தங்கிவிடுகிறது என்று கொள்வோம். மீதிப் பாதி நான்கு முறை சுற்றி 8,000 ரூபாய் தரும். தங்கிய பாதி மாதத்துக்கு ஒரே முறை சுற்றி 2,000 ரூபாய் தரும். ஆக மொத்தம் 10,000. ஒருவரும் ஒரு காசுகூட ஏமாற்றவில்லை. எல்லாரும் மாதக் கடைசியில் பாக்கியை முழுமையாகத் தீர்த்துவிட்டார்கள். ஆயினும் அந்தக் குடும்பத்துக்கு மாதம் 6,000 ரூபாய் குறைந்துவிட்டது! இந்த ஆறாயிரத்தைத் திருடியவன் யார்? காலதாமதம்.

கடைக்காரரிடம் 'ஏன் சரக்குக் குறைவாக வைத்திருக்கிறீர்கள்? அங்கே எல்லாம் கிடைக்கிறதே!' என்று கேட்கிறோம். அவர் வாங்கியிருக்க வேண்டிய சரக்கு நம் வீட்டு அடுக்களையில் எப்போதோ சமைத்து உண்ணப்பட்டுவிட்டது என்பதை நாம் எண்ணுவதில்லை.

கடன் சங்கிலி போன்றது. ஒருவர் தையற்காரருக்கு 500 ரூபாய் தர வேண்டும். தையற்காரர் அதே தொகையை மளிகைக் கடைக்குத் தர வேண்டும். மளிகைக் கடைக்காரர் பால்காரருக்கும், பால்காரர் மாட்டுத் தீவனக் கடைக்கும் தர வேண்டும். முதல் ஆள் ஓர் ஐந்நூறு ரூபாய்த் தாளை ஒரு மாலையில் எடுத்து நீட்டட்டும். அதே தாள் நான்கு கை மாறி, இரவுக்குள் 2,000 ரூபாய்க் கடனைத் தீர்த்துவிடும். அவர் நீட்டாவிட்டால் நான்கு வீட்டிலும் கடன் அப்படியே நிற்கும். எங்கள் வீட்டு மளிகைப் பாக்கி நீண்டதெல்லாம் அப்பாவிடம் தைத்துக்கொண்டவர்களின் பாக்கி நீண்டபோதுதான். ஆகவே, இருக்கும்போது கொடுக்காதவரின் குற்றம் இல்லாதவரின் தலையில் வந்து விடிகிறது.

அரசும் இதை உணர்ந்திருக்கிறது. 2006-ஆம் ஆண்டில் வந்த குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டத்தின்படி, பதிவு பெற்ற குறு, சிறு தொழில் நிறுவனத்திடம் சரக்கு வாங்குவோர் எந்த ஒப்பந்தத்திலும் 45 நாளுக்கு மேல் தவணை வைத்துக்கொள்ளக் கூடாது. தவறினால், ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப்போல் மூன்று மடங்கில் கூட்டு வட்டி கொடுக்க வேண்டும். தாமதமும் ஒருவகைச் சுரண்டலே என்பதைச் சட்டமே ஒப்புக்கொண்டதற்கு இது சான்று. ஆனால் தையற்காரரும் பூக்காரம்மாவும் நாற்பது ரூபாய்க்கும் நூறு ரூபாய்க்கும் வழக்குத் தொடுக்கப் போவதில்லை. நோட்டுக் கணக்கில் நம் மனச்சாட்சியே சட்டம், நாமே நீதிபதி.

பேரம் பேசும் இடம்

கீரை விற்கும் பாட்டியிடம் நாம் காட்டும் வீரம் தனி. ஒரு கட்டு இருபது ரூபாய் என்றால் பதினைந்துக்குக் கேட்கிறோம். கொடுத்தால் கறிவேப்பிலை கொசுறு கேட்கிறோம். தெருவில் விற்போர் பலர் விடியற்காலையில் 900 ரூபாய் கடன் வாங்கி, மாலையில் 1,000 ரூபாயாகத் திருப்பித் தரும் கொடுமைக்கு உள்ளாகிறார்கள். கந்து வட்டியைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றப்பட்டது. சாலையோர வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்க 2014-இல் மத்தியச் சட்டமும் வந்தது. 2020 முதல் ஈடு இன்றி வங்கிக் கடன் தரும் திட்டமும் நடைபெறுகிறது. முதல் தவணைக் கடன் 10,000 ரூபாயாகத் தொடங்கி, 2025-இல் 15,000 ஆக உயர்த்தப்பட்டது. இவையெல்லாம் நல்லவையே. ஆனால் சட்டமும் வங்கியும் சேர்ந்து காப்பாற்றும் ஐந்து ரூபாயை, வெயிலில் நிற்கவைத்து நாம் பிடுங்கிக்கொண்டால் என்ன பயன்?

பேரமே கூடாது என்பதன்று என் வாதம். பேரம் பேசுவது நம் சந்தைகளின் மரபு. அதில் ஓர் உறவும் உண்டு. பெரிய கடையில் பேசாத பேரத்தை எளியவரிடம் மட்டும் பேசாதீர்கள் என்பதே நான் சொல்ல வருவது. எளியவரிடம் மட்டும் பேசும் பேரத்துக்குச் சிக்கனம் என்று பெயரில்லை.

'அங்கே விலை குறைவாயிற்றே!'

இதைச் சொல்லும்போது நண்பர்கள் ஒரு கேள்வி கேட்பார்கள். 'அங்கே கிலோவுக்குப் பத்து ரூபாய் குறைகிறது. எங்கள் வீட்டிலும் வறுமைதான். நாங்கள் ஏன் கூடக் கொடுக்க வேண்டும்?' நேர்மையான கேள்வி. அன்றாடக் கூலியில் வாழும் குடும்பம் குறைந்த விலையைத் தேடிப் போவதை நான் குறை கூற மாட்டேன். கையில் காசில்லாதவர் கடன் கேட்பதையும் குறை கூற மாட்டேன். வேலையில்லாத வாரத்தில் அந்தக் குடும்பத்துக்கு அரிசி கொடுப்பது அண்ணாச்சியின் நோட்டு ஒன்றுதான். அந்த நோட்டு அவர்களுக்காகத் திறந்திருக்க வேண்டுமானால், இருப்பவர்கள் தங்கள் பக்கத்தை உடனுக்குடன் அடைத்துவிட வேண்டும்.

குறைந்த விலையைப் பற்றி நம் வரலாறு ஒரு பாடம் சொல்கிறது. 1906-ஆம் ஆண்டில் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசிக் கப்பல் கம்பெனியை நிறுவினார். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள்; மொத்த முதல் 10 லட்சம் ரூபாய். தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே சுதேசிக் கப்பல் ஓடத் தொடங்கியதும், எதிரில் இருந்த ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்தது. பிறகு இன்னும் குறைத்தது. கடைசியில், இலவசமாகவே ஏற்றிச் செல்கிறோம், குடையும் தருகிறோம் என்றுகூட ஆசை காட்டியதாக வரலாற்று நூல்கள் கூறுகின்றன. 1908 மார்ச்சில் வ. உ. சி. சிறைப்பட்டார். 1911-இல் கம்பெனி கலைக்கப்பட்டது. அதை வீழ்த்தியதில் அரசின் அடக்குமுறைக்குப் பெரும் பங்கு உண்டு. ஆனால் அந்தக் குடை நமக்கு ஒன்றைக் கற்பிக்கிறது. இலவசமாக வரும் குடையின் விலையையும் யாரோ, என்றோ கொடுத்தே தீர வேண்டும். எல்லாத் தள்ளுபடியும் சூழ்ச்சி ஆகாது. மொத்தமாக வாங்குகிறவன் குறைத்துக் கொடுக்க முடியும் என்பது இயல்பே. ஆனால் பக்கத்துக் கடை மூடப்பட்ட பிறகும் அதே விலைதான் இருக்குமா என்று கேட்டுப் பார்ப்பது அறிவுடைமை.

விற்பவருக்கும் ஒரு சொல்

ஆதரவு என்பது தருமம் அன்று. சிறு கடை என்பதற்காகப் பூச்சி விழுந்த பருப்பையும், முத்திரை இல்லாத தராசையும், சொன்ன நாளில் தைத்துக் கொடுக்காத சட்டையையும் பொறுத்துக்கொள்ள வேண்டியதில்லை. ஆனால் குறை கண்டதும் நாம் என்ன செய்கிறோம்? ஒன்றும் சொல்லாமல் கடையை மாற்றிவிடுகிறோம். பெரிய நிறுவனம் வாடிக்கையாளர் ஏன் குறைந்தனர் என்று ஆராய ஆள் வைத்திருக்கிறது. அண்ணாச்சிக்கு நாம் சொன்னால்தான் தெரியும். 'சென்ற வாரம் வாங்கிய பருப்பு வேகவில்லை' என்று முகத்துக்கு நேரே, மரியாதையோடு சொல்வதும் பெரிய உதவியே. திருத்திக்கொள்ள ஒரு வாய்ப்புக் கொடுத்த பிறகு கடையை மாற்றினால் யாரும் நம்மைக் குறை கூற முடியாது.

நம்மால் முடிந்தவை

பெரிய தியாகம் எதையும் நான் கேட்கவில்லை. மாணவர்களாகிய நம்மால் இன்றே முடிந்த சிலவற்றைச் சொல்கிறேன்.

முதலாவது, கையில் பணம் இருக்கும் நாளில் முதலில் நோட்டுப் பாக்கியைத் தீர்ப்பது. பிறகு நகரத்துக்குப் பேருந்து ஏறுவது. கைப்பேசி வழியே பணம் செலுத்தும் யு.பி.ஐ. முறை 2016-இல் வந்துவிட்டது. 'சில்லறை இல்லை, நாளைக்குத் தருகிறேன்' என்ற சாக்கு இனிச் செல்லாது.

இரண்டாவது, உழைப்புக்குக் கூலி உண்டு என்று ஏற்பது. ஓரம் மடிப்பதும், பஞ்சர் ஒட்டுவதும், செருப்புக்கு ஒரு தையல் போடுவதும் வேலையே. செய்து முடித்த பிறகு 'இதற்கு எவ்வளவு?' என்று இழுக்காமல், தொடங்கும் முன்பே கேட்டு, முடிந்ததும் கொடுத்துவிட வேண்டும்.

மூன்றாவது, அவசரத்துக்கு மட்டும் போகாமல் வாடிக்கையாகப் போவது. மழை பெய்யும் இரவில் தீப்பெட்டிக்காக ஒரு கடை திறந்திருக்க வேண்டுமானால், வெயிலடிக்கும் பகலில் நாம் அங்கே அரிசி வாங்கியிருக்க வேண்டும். எல்லாப் பொருளையும் அங்கேயே வாங்க முடியாமற்போனாலும், மாதந்தோறும் தவறாமல் வாங்கும் நான்கைந்து பொருளையாவது அங்கே வாங்கலாம்.

நான்காவது, கையில் ஒரு பை கொண்டு செல்வது. ஒருமுறை பயன்படுத்தி எறியும் நெகிழிப் பைகளுக்குத் தமிழ்நாட்டில் 2019 ஜனவரி முதல் தடை உள்ளது. துணிப்பையை இனாமாகக் கேட்டால் அந்தச் செலவு கடைக்காரரின் தலையில் விழுகிறது. நம் மஞ்சள் பை அவருக்கும் மிச்சம், மண்ணுக்கும் நன்மை.

ஐந்தாவது, நல்ல வேலையை நாலு பேரிடம் சொல்வது. பெரிய கடைக்கு விளம்பரம் செய்யப் பணம் இருக்கிறது. நன்றாகத் தைப்பவருக்கும், சுத்தமாகச் சமைக்கும் அக்காவுக்கும் நம் வாய்ச்சொல்தான் விளம்பரம்.

மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள்

இறுதியாக, நம் கல்லூரிக்குள்ளேயே செய்யக்கூடிய ஒன்றைச் சொல்லி முடிக்கிறேன். ஒவ்வொரு துறையிலும் மன்றம் உண்டு. ஆண்டு முழுவதும் விழாக்கள் நடத்துகிறோம். மாலை கட்டித் தருபவர், தேநீரும் வடையும் கொண்டு வருபவர், ஒலிபெருக்கி வைப்பவர், விளையாட்டு விழாவுக்குச் சட்டை தைப்பவர், இந்த மலரை அச்சிட்டுத் தரும் அச்சகத்தார் ஆகிய எல்லாரும் இரண்டு மூன்று பேர் உழைப்பில் தொழில் நடத்துபவர்கள். மேடையில் சிறு தொழிலைப் பற்றி உரையாற்றிக்கொண்டே, மேடைக்குப் பின்னால் நிற்பவரை 'பிறகு வாருங்கள்' என்று சொல்லிவிடுவது நமக்கு அழகாகாது. ஆகவே, விழா முடிந்த ஏழு நாளுக்குள் எல்லாச் செலவுச் சீட்டுகளுக்கும் பணம் கொடுத்துவிடுவது என்றும், கொடுத்த தேதியை மன்றத்தின் கணக்கேட்டில் எழுதி அடுத்த கூட்டத்தில் படிப்பது என்றும் ஒவ்வொரு மன்றமும் ஒரு தீர்மானம் நிறைவேற்றலாம். இதற்குப் புதிய நிதி வேண்டாம்; அரசாணை வேண்டாம்; செயலாளரும் பொருளாளரும் மனம் வைத்தால் போதும்.

வரும் கல்வியாண்டின் முதல் மன்றக் கூட்டத்திலேயே இதை முன்மொழிய நான் அணியமாக இருக்கிறேன். வழிமொழிய யார் வருகிறீர்கள்?